கூரைக்கு இரண்டு கையெழுத்து

பொழியூர்
19 ஜனவரி 2026

அன்புள்ள ஜெய்சா,

அக்கா கடிதம் எழுதுகிறாளே என்று திகைக்க வேண்டாம். போனில் என்றால் உன்னை நான் பேச விடமாட்டேன், என்னை நீ முடிக்க விடமாட்டாய், நடுவில் உன் கேம்ப்பில் டவர் போய்விடும். கடிதத்தை நீ கடைசி வரை கேட்டே ஆக வேண்டும். அதோடு இதில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அதில் உன் கையெழுத்து வேண்டும், அதைப் போனில் வாங்க முடியாது.

தமிழில்தான் எழுதுகிறேன். உன்னைச் சின்ன வயதிலேயே கொல்லங்கோட்டில் அத்தை வீட்டில் விட்டுத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார் அப்பச்சன். நீ மலையாளத்தில் பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நான் இங்கே மலையாளப் பள்ளியில் படித்தவள். அம்மை வாங்கிய வார இதழ்களைப் புரட்டிப் படித்த தமிழ்தான் எனக்குத் தெரியும். பிழை இருந்தால் சிரிக்காதே.

விஷயம் நம் ஐஸ் கம்பெனி. இப்போது கறண்டுக்கு நேரம் பார்த்து விலை. வெயில் இருக்கும்போது மலிவு, விளக்கு வைக்கும் நேரம் தொட்டு ஏறிவிடும். நமக்கோ அந்தி முதல் கம்ப்ரசர் ஓடினால்தான் விடியற்காலம் வள்ளம் இறக்குகிறவர்களுக்கு ஐஸ் கட்டை கொடுக்க முடியும். உறைவதற்கு எடுக்கும் நேரத்தை எடுக்கத்தான் செய்யும், ஐஸை நான் விரட்ட முடியுமா? பில் கட்டி மாளவில்லை. விலையைக் கொஞ்சம் கூட்டினேன். உடனே சில வள்ளக்காரர்கள் தேங்காப்பட்டணத்திலிருந்து டெம்போவில் ஐஸ் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லை தாண்டினால் தமிழ்நாடு, அங்கே வேறு மின்வாரியம், வேறு கணக்கு. ஒரே கடல், ஒரே மீன், கறண்டுக்கு மட்டும் இரண்டு சட்டம்.

இந்த நேரத்தில்தான் கறண்ட் ஆபீசிலிருந்து ஓவர்சியர் தீபு வந்தார். அரசாங்கம் மின்வாரியத்துக்கே உத்தரவு போட்டிருக்கிறதாம். விற்கிற கறண்டில் இன்ன அளவு வெயில், காற்று, தண்ணீர் இவற்றிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், அந்த அளவை வருஷா வருஷம் கூட்ட வேண்டும், குறைந்தால் அபராதம். அதனால் பூவார் வரைக்கும் பெரிய கூரையாகத் தேடி அலைகிறார்கள். அவர்கள் செலவிலேயே சோலார் பேனல் போடுவார்கள். உண்டாகிற கறண்டு அவர்கள் கணக்கில் ஏறும், கூரை தந்ததற்காக நம் பில்லில் பெரும் பகுதியைக் கழித்துத் தருவார்கள். இந்தக் கரையில் தென்னை நிழல் விழாத பெரிய கூரை நம்முடையதுதானாம். நம் தென்னைகளைக் கடல் கொண்டுபோனதில் இப்படியும் ஒரு உபகாரம்.

மார்ச்சுக்குள் சம்மதம் வேண்டும் என்று தீபு போகும்போது சொன்னார். "சேச்சி, மார்ச் கழிஞ்ஞால் லிஸ்ட் அடைக்கும். பின்னே ஞான் வேறே கூரை நோக்கும்."

இடம் இன்னும் அப்பச்சன் பெயரில் இருக்கிறது. அம்மையும் இல்லை, அப்பச்சனுக்குப் பிள்ளைகள் நாம் இரண்டு பேர், ஆகவே கூரைக்கு இரண்டு கையெழுத்து. அடக்கத்தன்று நீ, "எனக்கு ஒண்ணும் வேண்டாம் அக்கா, எல்லாம் நீயே பாத்துக்கோ" என்று சொன்னதைத் தீபுவிடம் சொன்னேன். வாயால் சொன்னது போதாதாம்.

இது கிடைத்தால் கம்பெனி நிற்கும். கிடைக்காவிட்டால் வரும் மழைக்காலத்தைத் தாண்டுமா என்று தெரியவில்லை. உன் மச்சான் ஜினோ பேப்பூரில் மீன்பிடிப் போட்டில் ஏறினால் மாதக்கணக்கில் கடலில்தான். இங்கே நானும் மகள் ஜெஸ்மியும் மட்டும். யாரிடம் சொல்வது? சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

உன் அக்கா
ரெஜிஷா


கட்ச், குஜராத்
1 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை, என்னைவிட நன்றாகவே எழுதுகிறாய். ஜெஸ்மி படிப்பு எப்படிப் போகிறது? இங்கே எங்களுக்கும் மார்ச் கழுத்தில் இருக்கிறது. நாங்கள் கட்டுகிற சோலார் பிளான்ட் மார்ச்சுக்குள் ஓடத் தொடங்கினால்தான் இந்த வருஷக் கணக்கில் சேருமாம், அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பூசை கண்டு எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. காற்று ஓயாமல் அடிக்கிறது. சாப்பாட்டில் மண், படுக்கையில் மண்.

இந்தப் பதிலை நான் பலமுறை எழுதிக் கிழித்தேன். நான் இங்கே வரிசை வரிசையாகப் போடுகிற பேனல் நம் கூரைக்கே வரப்போகிறது என்றதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு வேறு சில நினைப்புகள் வந்தன. அவற்றைக் காகிதத்தில் எழுத மனம் வரவில்லை, நேரில் வரும்போது சொல்கிறேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அவகாசம் வேண்டும். அவகாசம் கிடைக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எல்லாம் நீயே பார்த்துக்கொள் என்று சொன்னவன் இன்று இப்படி எழுதுகிறானே என்று உனக்குத் தோன்றும். அன்று நிலைமை வேறு. இங்கே வந்து சிலவற்றைப் பார்த்த பிறகு என் மனம் மாறிவிட்டது. கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன் தம்பி
ஜெய்சன்


பொழியூர்
10 பிப்ரவரி 2026

ஜெய்சனுக்கு,

உன் கடிதத்தை ஐஸ் கம்பெனி வாசலில் நின்று வாசித்தேன். ஜெஸ்மி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாய். கேட்பதற்கு நீ தேர்ந்தெடுத்த நேரம்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நான் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறேன் என்று எழுதியதற்குப் பதிலாக இது வந்திருக்கிறது. சரி, அப்பச்சன் பிள்ளைதானே நீயும். உனக்கு அவகாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நேற்று நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அதற்கு வேண்டிய ஆளைப் பார்த்துப் பேசி ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். நீ கேட்ட அவகாசம் உனக்குக் கிடைக்கும். அதற்கு மேல் உனக்கும் எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

ரெஜிஷா


கட்ச்
21 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்தபோது முதலில் பயந்துவிட்டேன், அவ்வளவு கோபம் அதில். கடைசியில் அவகாசம் கிடைக்கும் என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. எனக்காக நெய்யாற்றின்கரை கறண்ட் ஆபீஸ் வரை போய்ப் பேசியிருக்கிறாயே, ரொம்ப நன்றி அக்கா. நீ நினைத்தால் நடத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

நன்றி சொல்லப் போன் செய்தேன், மணி அடிக்கவே இல்லை. இங்கே டவர் தகராறு என்று நினைக்கிறேன். அங்கே கடல் எப்படி இருக்கிறது?

குருத்தோலை ஞாயிற்றுக்கு ஊருக்கு வரலாம் என்று இருந்தேன், மார்ச் முடியாமல் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மே மாதம் கட்டாயம் வருவேன். வந்ததும் முதல் வேலையாக நம் கம்பெனியை ஒரு மூலை விடாமல் பார்க்க வேண்டும். நானே அளந்துகொள்கிறேன். வேறு யாரையும் வைத்து அளக்காதே, எனக்கு நம்பிக்கை இல்லை. அளந்து பார்த்து என் மனசுக்குச் சரி என்று பட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தருவேன். அதுவரை நீ நிம்மதியாக இரு, இனிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

உன் தம்பி
ஜெய்சன்


பொழியூர்
6 மார்ச் 2026

ஜெய்சனுக்கு,

நன்றி எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் கோபம் மட்டும்தான் இருந்தது.

உன் போன் மணி அடிக்காததற்கு டவரைக் குறை சொல்ல வேண்டாம். ஜெஸ்மியிடம் சொல்லி உன் நம்பரை பிளாக் செய்ய வைத்தேன். ஏன் அம்மா என்று கேட்டாள். "உனக்க மாமனுக்கு இப்ப பங்கு வேணுமாம்" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நீ எழுதிய வரியைக் காட்டினேன். அவளும் இங்கத்திய மலையாளப் பள்ளியில் படித்தவள்தான், தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. வாசித்துவிட்டு என் போனை வாங்கி அவளே செய்துவிட்டாள்.

யாரையும் வைத்து அளக்காதே, எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறாய். அக்கா உன்னை ஏமாற்றிவிடுவாள் என்றா? வக்கீல் ஜெயதாஸ் சர்வேயரைக் கூட்டிவந்து உன் மனசுக்குச் சரியாக அளந்துவிட்டார். நடுவில் கல் போட்டாகிவிட்டது. ரோட்டுப் பக்கத்துப் பாதி உனக்கு, கடல் பக்கத்துப் பாதி எனக்கு. கம்ப்ரசரும் ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளும் கடல் பக்கம் இருக்கின்றன, அது எனக்குப் போதும். பாகப் பத்திரம் இதோடு இருக்கிறது. மலையாளத்தில்தான் எழுதுவார்களாம், யாரையாவது வைத்து வாசித்துக்கொள்.

கல் போட்ட அன்றைக்கே தீபுவிடம் போனேன். என் தம்பி சம்மதிக்கவில்லை, நம் கூரையை லிஸ்டிலிருந்து வெட்டிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். "பொறுத்து எந்தா காரியம் சாரே, இனி அந்தக் கூரை ரெண்டாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மாதம் ஒரு தொட்டியை நிறுத்திவிட்டேன். சத்தியராஜ் அண்ணனுக்கு வேலை பாதி நாள்தான். இந்தக் கம்பெனி அப்பச்சன் காலத்தில் ஒரு நாளும் ஒற்றைத் தொட்டியில் ஓடியதில்லை. உனக்கு உன் அவகாசம் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பு, முடித்துக்கொள்வோம்.

ரெஜிஷா


கட்ச்
15 மார்ச் 2026

அக்கா,

இதைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. மாதா மேல் ஆணையாகக் கேட்கிறேன், கடைசி வரை வாசி.

உன் பத்திரம் எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை. இங்கே மெஸ்ஸில் சமைக்கிற ஜித்தின் நெடுமங்காட்டு மலையாளி. அவனை வாசிக்கச் சொன்னேன். வரிக்கு வரி அவகாசம், அவகாசம் என்று வந்தது. பாதியில் அவனை நிறுத்தி, பாகப் பத்திரத்தில் இவ்வளவு அவகாசம் யாருக்கு, எதற்கு என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணா, அவகாசம்னு பறஞ்ஞா சொத்தில் உள்ள பங்கு. நிங்ஙள் வேறே எந்தா விசாரிச்சது?" என்றான்.

நான் கேட்டது நேரம், அக்கா. தமிழ்ப் பள்ளியில் அவகாசம் என்றால் நேரம். வீட்டுப்பாடம் முடிக்காதவன் வாத்தியாரிடம் கேட்பது, கொஞ்ச நாள் பொறுங்கள் என்பது. மலையாளத்தில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாததல்ல, ஊரில் எத்தனையோ முறை காதில் விழுந்த சொல்தான். ஆனால் பேனாவைப் பிடித்து உட்கார்ந்தால் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ்தான் வரும். என் முதல் கடிதத்தை உன் அர்த்தத்தில் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் பங்கு கேட்கிறவன் எழுதிய மாதிரியே இருக்கிறது.

நேரம் எதற்கு என்று அப்போதே எழுதியிருக்க வேண்டும். உன்னைப் பயப்படுத்த வேண்டாம் என்று விட்டேன். டிசம்பரில் இங்கே ஒரு பெருங்காற்றில் போல்ட் முழுதாக முறுக்காத ஒரு வரிசை பேனல் சட்டத்தோடு கிளம்பிவிட்டது. ஒடிசாக்காரப் பையன் ஒருவன் அதைப் பிடிக்கப் போய்க் கீழே விழுந்தான். முதுகெலும்பில் அடி, இன்னும் எழுந்து நடக்கவில்லை. அதன் பிறகு காற்று அடித்தாலே ஒவ்வொரு போல்ட்டையும் போய் முறுக்கிப் பார்க்கிறேன். நம் கூரை கடலைப் பார்த்த கூரை, உப்புக் காற்று தின்ற இரும்பு. அதன் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றி, கீழே நீயும் ஜெஸ்மியும் நின்று ஐஸ் தள்ளுகிறதை நினைத்தால் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. நான் அளக்க வேண்டும் என்றது கூரை தாங்கும் கழுக்கோலை. இடத்தை அல்ல.

இனி ஒன்று சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியாது. நீ ஒரு சொல்லை மாற்றி வாசித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தச் சொல் அப்படி. நான் அதைக் கேட்டிருப்பேன் என்று ஒரு நிமிஷத்தில் நம்பினாயே, அதுதான் தாங்கவில்லை. நம்பரைத் தடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எலே ஜெய்சா, இது என்னலே என்று கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்தப் பத்திரத்தை ஜித்தின் முழுவதும் வாசித்த பிறகு என்னால் உன்னிடம் கோபப்படவும் முடியவில்லை. கடல் வருஷா வருஷம் தின்று வருகிற பக்கத்தை நீ எடுத்துக்கொண்டு, ரோட்டுப் பக்கத்தை எனக்கு எழுதியிருக்கிறாய். அவ்வளவு கோபத்திலும் நல்ல பாதியைத்தான் எனக்குத் தந்திருக்கிறாய்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. சம்மதபத்திரத்தில் போட்டு இதனுடன் கூரியரில் அனுப்புகிறேன். சத்தியராஜ் அண்ணனைக் கூரையில் ஏற்றி இரும்பைத் தட்டிப் பார்க்கச் சொல். நன்றாக இருந்தால் மட்டும் இதைக் கொண்டுபோய்த் தீபுவிடம் கொடு. மார்ச் முடியவில்லை, இன்னும் நாள் இருக்கிறது. ஓடு அக்கா.

ஜெய்சன்


பொழியூர்
27 மார்ச் 2026

அன்புள்ள ஜெய்சா,

ஓடினேன் மக்கா. உன் கூரியர் வந்தபோது ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். நனைந்த கையோடு பிரித்து வாசித்தேன், இரண்டாம் தடவை வாசிக்கும்போது ஐஸ் உடைக்கும் கிரஷர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஜெஸ்மி வந்து என் கையிலிருந்து வாங்கி வாசித்தாள். "அம்மா, நம்ம ரெண்டு பேரும் புத்தியில்லாத பொட்டிகளாக்கும்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம், கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம்.

சத்தியராஜ் அண்ணன் அப்போதே ஏணி வைத்து ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். அவர் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "கடல் பக்கத்துக் கழுக்கோல் ஒண்ண துரு தின்னு போச்சு பிள்ளே. அத மாத்தினா மதி, ஒரு நாளத்த வேலையாக்கும்" என்றார். உன் பயம் வீண் இல்லை. ஆனால் ஒரு நாள் வேலைக்குள் அடங்குகிற பயம். நீ பயந்ததை எழுதியிருந்தால், நான் வாசித்ததைக் கேட்டிருந்தால், பிப்ரவரியிலேயே இரும்பை மாற்றியிருப்போம்.

தீபுவிடம் போனேன். சம்மதபத்திரத்தை மேசை மேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. நான் வெட்டச் சொன்ன வாரமே நம் இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையைச் சேர்த்துவிட்டார்களாம், லிஸ்ட் மேலே போய்விட்டது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பொறுக்கச் சொன்னவர் அவர்தான். வாரியம் வருஷா வருஷம் அளவைக் கூட்டியாக வேண்டும், அதனால் அடுத்த வருஷமும் கூரை தேடி வந்தே தீருவோம் என்று ஆறுதல் சொன்னார். அடுத்த வருஷம் வரைக்கும் ஒற்றைத் தொட்டியில் நான் எப்படி ஓட்டுவேன் என்று அவரிடம் கேட்க முடியுமா? திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

உடனே நம்பினாய் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், நம்பினேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் காரணமும் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். என்றாவது கேட்பான், கேட்கும்போது கொடுக்க இது மிச்சம் இருக்குமா என்று. உன்னுடையதையும் சேர்த்து நான் ஒருத்தியே கடலில் விட்டுவிடுவேனோ என்று. படுத்தால் கம்ப்ரசர் சத்தம் காதில் ஓடுகிறது, கம்ப்ரசரை நிறுத்தினால் அது நின்றுவிட்ட பயத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. நான் ஒழுங்காகத் தூங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

நீ பங்கு கேட்டதாக நான் நினைத்த அன்று கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை ஜெஸ்மியிடம் கூடச் சொல்லவில்லை. அப்பாடா, இனி இது என்னுடையது மட்டும் இல்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உன் விளக்கக் கடிதம் வந்தபோது அந்த நிமிஷமும் போய்விட்டது. நீ ஒன்றும் கேட்கவில்லை, கவலை முழுவதும் மறுபடி எனக்கே.

அதனால் வக்கீலிடம் வேறொரு பத்திரம் எழுதச் சொன்னேன், தமிழில் ஒரு பிரதியோடு. நடுவில் போட்ட கல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பாதி பாதியாக வெட்டாமல், இடம், கம்ப்ரசர், கறண்ட் கனெக்‌ஷன் எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வரும். கடன் வந்தாலும் இரண்டு பேருக்கும்தான். நீ பெருந்தன்மையாக வேண்டாம் என்று சொல்லாதே, உன் பெருந்தன்மையைச் சுமக்க என்னால் இனி ஆகாது. எனக்கு ஒரு கூட்டாளி வேண்டும்.

இன்னொன்று. ஒடிசாப் பையன் விழுந்ததை எழுதினாய், நீ எங்கே நின்றாய் என்று எழுதவில்லை. நீ அவன் பக்கத்தில்தான் நின்றிருப்பாய். இனி இதையெல்லாம் மறைக்காதே. நம்பரை ஜெஸ்மி திறந்துவிட்டாள், ஆனாலும் இதற்கு மட்டும் பதில் எழுதியே அனுப்பு. போனில் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன்.

உன் அக்கா
ரெஜிஷா


கட்ச்
7 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரம் ஈஸ்டருக்கு முந்தின நாள் கையில் கிடைத்தது. தமிழ்ப் பிரதியை இரண்டு முறை வாசித்தேன், மலையாளத்தை ஜித்தின் வாசித்துக் காட்டினான். இந்த முறை இரண்டிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவன் சிரித்தான்.

நீ சொன்னது சரி, நான் அந்த ஒடிசாப் பையன் பக்கத்தில்தான் நின்றேன்.

மார்ச்சுக்குள் இங்கே எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்த இடம் ராஜஸ்தான் என்றார்கள். மே மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெயில் நேரத்தில் கறண்டு மலிவு என்றால் பகலில் உறைய வைத்து விடியும் வரை உருகாமல் காக்க ஒரு அறை போட முடியுமா என்று யோசிக்கிறேன். முடியுமோ முடியாதோ தெரியாது, நான் வந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். கழுக்கோலை மாற்ற நான் வரும் வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வருஷம் தீபு வரும்போது கூரை தயாராக இருக்கட்டும். மழைக்காலம் வருகிறது, ஒற்றைத் தொட்டி, தேங்காப்பட்டணத்து டெம்போ, கடல் இன்னும் எவ்வளவு தூரம் ஏறுமோ, எல்லாக் கணக்கையும் வந்து உன்னோடு சேர்ந்து போடுகிறேன்.

பத்திரத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிவுக்கு நேரில் வருகிறேன். போட்ட அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா. நீ கொஞ்சமாவது தூங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஜெய்சன்